ஒன்றில் மட்டும்

பாயான் லெப்பாஸ், இரவு ஷிப்ட்.
கேண்டீன் மேசையில் மைலோ ஆறிக்கொண்டிருக்கிறது.
எதிரில் சியூ லிங் உட்கார்ந்தபடியே தூங்குகிறாள்.
இருபது நிமிட ஓய்வில்
பயிற்சித்தாளைப் பிரிக்கிறேன்:
'பின்வருவனவற்றுள் எவை பல்லுறுப்புக்கோவைச் சார்புகள்?
எவை அல்ல?'

என் சம்பளமும் இதற்குத்தான்.
லென்சின் அடியில் சில்லுகள் வரும்.
இது போகலாம், இது கூடாது.
பச்சைத் தட்டு, சிவப்புத் தட்டு.
மணிக்கு நானூற்றிருபது.

விதி சின்னது.
x-இன் தோளில் ஏறி உட்காரும் எண்
முழு எண்ணாக இருக்கவேண்டும்,
பூச்சியத்துக்குக் கீழே இறங்கக் கூடாது.
உறுப்புகள் எத்தனையும் இருக்கலாம்,
எண்ணி முடிக்க முடிந்தால் சரி.

3x⁴ − x + 7: போகலாம்.
√x: கூடாது. அரை அடுக்கு.
√2 x: இங்கேதான் போன வாரம் வழுக்கினேன்.
வர்க்கமூலக் குறியைக் கண்டதுமே
கை சிவப்புத் தட்டுக்குப் போய்விட்டது.
கூரைக்கு அடியில் நிற்பது x அல்ல,
வெறும் இரண்டு.
கெழு எப்படியும் இருந்துவிட்டுப் போகட்டும்,
பின்னமோ குறையோ π-யோ.
சோதனையெல்லாம் மாறிக்குத்தான்.

2ˣ: x²-இன் ஆட்களே
இடம் மாற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். அவ்வளவுதான்,
ஆனால் எந்தப் படியையும் ஒருநாள் முந்திவிடும்,
கிரெடிட் கார்டு வட்டி மாதிரி.
குணாளன் மோட்டார் சைக்கிளை விற்றது அதனால்தான்.

வெறும் 5.
இதுவுமா?
இதுவும்தான்.
யார் கேட்டாலும் ஐந்து என்று சொல்லிவிட்டு
வாயை மூடிக்கொள்ளும்.

சைன் x பட்டர்வொர்த் ஃபெரியில் புரிந்தது.
தண்ணீர் ஏறி இறங்கி ஏறி
தன் மட்டத்தை ஓயாமல் தாண்டிக்கொண்டே இருந்தது.
பல்லுறுப்புக்கோவைக்கு அந்தப் பொறுமை கிடையாது.
படி எத்தனையோ, மிஞ்சினால் அத்தனை முறை
கோட்டைத் தொடும்.
பிறகு மேலேயோ கீழேயோ
போயே போய்விடும்.
வகையிட்டுப் பார்த்தாலும் தெரியும்:
x³, 3x², 6x, 6,
அப்புறம் ஒன்றுமில்லை.
சைன் ஓயாது.

இதெல்லாம் தெரிந்தும்
மாதத் தேர்வில் போனது ஏழாம் கேள்வி.
மேலே x² − 1, கீழே x − 1.
காரணிப்படுத்தி, அடித்து, x + 1 என்று எழுதி
பச்சைத் தட்டில் போட்டேன்.
தாள் திரும்பியது.
சிவப்பு மையில் ஒரே கேள்வி:
x = 1 என்றால்?

ஒன்றைப் போட்டேன்.
மேலே பூச்சியம், கீழே பூச்சியம்.
நேர்கோட்டில் ஒரே ஒரு புள்ளி இல்லை.
ஊசி முனைக்குக்கூட அகலம் உண்டு,
இதற்கு அதுவும் இல்லை.
எந்த லென்சில் பார்ப்பது இதை?

பக்கத்து இருக்கை ஹஸ்லினாவிடம் சண்டை பிடித்தேன்:
"அப்புறம் எதற்குச் சுருக்கச் சொல்கிறார்கள்?"
"சுருக்கு, யார் வேண்டாமென்றது?
சுருக்கிய பிறகு அது வேறு ஆள்" என்றாள்
நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்தபடி.

மூன்று மணி பதினேழு.
ஒரு சில்லு வந்தது.
எல்லாக் காலும் நேர். எழுத்து தெளிவு. விளிம்பில் கீறல் இல்லை.
கை பச்சைக்குப் போகவில்லை.
ஸ்கோப்பைக் கூட்டினேன், இன்னும் கூட்டினேன்.
பின்னால் வரிசை தேங்கியது,
தலைக்கு மேல் மஞ்சள் விளக்கு எரிந்தது.
சூப்பர்வைசர் வந்து குனிந்து பார்த்துவிட்டு
"நல்ல சில்லுதானே, தவமலர்?" என்றார்.
நல்ல சில்லுதான்.
விட்டுவிட்டேன்.

ஆறரைக்குக் கம்பெனி பேருந்து பாலத்தில் ஏறியது.
பிறையில் இறங்கும்வரை
மடியில் புத்தகம், அடுத்த பக்கம்:
பூச்சியமும் பல்லுறுப்புக்கோவையே.
அதன் படி என்னவென்று பார்த்தேன்.
'வரையறுக்கப்படவில்லை.'

அதைப் படித்ததும் எனக்கு ஏனோ
சிரிப்பு வந்தது.
நாளை விடுமுறை.